திருக்கைக் கருவாடும் ஒரு புதுச் செடியும்

காட்டிலிருந்து செடிக்கட்டோடு நீங்கள் யார் வந்து நின்றாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "அங்க என்ன சமைச்சீங்க?" எங்கே பறித்தது, மண் எப்படி, பூ என்ன நிறம் என்பதெல்லாம் அதற்கு அப்புறம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் வாரம் தவறாமல், உலர்த்திய செடிகளைச் சேர்த்துவைக்கும் இந்தச் செடி அறைக்கு வந்து உட்கார்ந்துகொண்டு இதையே கேட்கிறேன். கிழவருக்கு இன்னும் சாப்பாட்டு நினைப்பு விடவில்லை என்று நீங்கள் உங்களுக்குள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. காது நன்றாகத்தான் இருக்கிறது. சாப்பாட்டு நினைப்பு இருப்பதும் உண்மைதான். ஆனால் கேள்விக்குக் காரணம் வேறு. அதை ஒருமுறை சொல்லிவிட்டால், இனிமேல் கேட்கும்போது நீங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்காமல் ஒழுங்காகப் பதில் சொல்வீர்கள் என்று நம்புகிறேன்.

இலையை எப்படி அழுத்துவது, தாளில் எப்படி ஒட்டுவது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மின்சார அடுப்பு வைத்து உலர்த்துகிறீர்கள். எங்கள் காலத்தில் விறகு அடுப்பு. அந்த விறகு அடுப்பில்தான் வினையே தொடங்கியது.

நம் ஜோகூர் காட்டில், பெரிய மரங்களின் நிழலில், ஆள் உயரத்துக்கு நிற்கும் சிறு செடிகளில் ஒரு கூட்டம் உண்டு. எதிரெதிரே இலை, இலைக்கணுவில் ஒட்டிக்கொண்டு வெள்ளைப் பூ, பிறகு மிளகளவு நீலக்காய். ஒன்றைப் பார்த்துவிட்டால் போதும், மற்றதும் அப்படித்தான் என்று தோன்றும். கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும், எல்லாம் வேறு வேறு இனம். இலையின் அடியில் இருக்கும் முடி படுத்திருக்கிறதா நிமிர்ந்திருக்கிறதா, கணுவில் உள்ள செதில் நீளமா குட்டையா, காயின் தலையில் பல் இருக்கிறதா இல்லையா என்று பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு கண் பூத்துப் போகும்வரை பார்க்க வேண்டும். இவற்றில் பல செடிகளுக்கு இன்னொரு குணமும் உண்டு. பச்சை இலையைக் கசக்கினால் நாறும். மலாய்க்காரர்கள் இவற்றைக் கெந்துட்-கெந்துட் என்பார்கள். அதன் பொருளை நான் இங்கே எழுதப்போவதில்லை. மொச்சைக்கொட்டைக் குழம்பை வயிறு நிறையச் சாப்பிட்டவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் உங்களுக்கே விளங்கிவிடும்.

இந்தச் செடிகளின் மேல் எங்கள் துரைக்கு ஒரு பைத்தியம். குளுவாங்கில் இருந்த எங்கள் சிறிய அலுவலகத்துக்கு அவர்தான் அதிகாரி. நல்ல மனிதர். உயரமான ஆள், உயரத்துக்கு ஏற்ற மூக்கு. அவருக்குக் கண்ணைவிட மூக்கின் மேல்தான் நம்பிக்கை அதிகம். காட்டில் எந்த இலையைக் கொடுத்தாலும் கசக்கி முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பேசுவார். ஒருமுறை கம்பளிப்பூச்சி இருந்த இலையை அப்படிச் செய்து, மூக்கு வீங்கி, அந்த வாரம் முழுக்க யாரையும் பார்க்காமல் அறைக்குள்ளேயே இருந்தார். அப்போதும் பழக்கம் போகவில்லை.

அந்த வருஷம் துரைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் சீமையிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தாள். புதிதாக ஒரு செடியைக் கண்டுபிடித்து, அதற்கு அவள் பெயரை வைத்து, அதைக் கல்யாணப் பரிசாகக் கொடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. நகை நட்டு யார் வேண்டுமானாலும் வாங்கிக் கொடுக்கலாம், ஒரு இனத்தையே யார் கொடுப்பார்கள் என்று என்னிடம் கேட்டார். நான் தலையாட்டினேன். எனக்கும் ஒரு கல்யாணம் தொங்கிக்கொண்டிருந்தது.

லாபிஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவரின் மகளை எனக்குப் பேசியிருந்தார்கள். பெண்ணுக்குச் சம்மதம், எனக்கு ரொம்பச் சம்மதம். கிராணியார்தான் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். மாதத்தில் பாதி நாள் காட்டில் கூடாரத்தில் படுப்பவனுக்குப் பெண்ணைக் கொடுத்தால், அட்டைக்கும் கொசுவுக்கும்தான் சீர் செய்ய வேண்டியிருக்கும் என்று தரகரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். கூரை போட்ட வேலை கிடைத்தால் வரச் சொல்லுங்கள் என்று முடிவாகச் சொல்லிவிட்டார். இதை நான் துரையிடம் சொன்னேன். புது இனம் ஒன்று கிடைத்து, அதை மேலே இருப்பவர்கள் ஒப்புக்கொண்டால், குளுவாங்கிலேயே ஒரு செடி அறை கேட்டு வாங்கி, உன்னை அதற்குப் பொறுப்பாக வைத்து, பக்கத்தில் வீடும் கட்டித் தருகிறேன் என்றார். ஆக, ஒரு செடியின் தலையில் இரண்டு கல்யாணம்.

காஹாங்குக்கு அப்பால் ஆற்றங்கரையில் கூடாரம் போட்டோம். துரை, நான், வழிகாட்டி பாக் மாட், சமையல்காரர் சவரிமுத்து. மேட்டுச் சரிவில் ஒரு கெந்துட் செடி கிடைத்தது. வெயில் இருந்ததால் அதைக் கூடாரத்துக்கு வெளியே வைத்தே உலர்த்தி முடித்தேன். பிறகு ஆற்றோரத்தில் அதே மாதிரி இன்னொன்று கிடைத்தது. இலை கொஞ்சம் பெரிதாக இருந்தது. இரண்டும் ஒன்றா வேறா என்று துரை பாக் மாட்டைக் கேட்டார்.

"சாமா லா, துவான்," என்றார் பாக் மாட். "துவா-துவா புசோக்."

ரெண்டும் ஒன்றுதான், ரெண்டும் நாற்றம்தான் என்கிறார். ஆனால் அவர் பேச்சை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. துரையின் டின்னில் இருந்த பாலாடைக்கட்டியையும் அவர் கெந்துட் என்றுதான் சொல்லுவார்.

ஆற்றோரச் செடியை அழுத்துப் பலகையில் வைத்துக் கட்டிய அன்றே மழை பிடித்துக்கொண்டது. சும்மா மழை இல்லை. ஆறு கூடாரத்தை எட்டிப் பார்த்தது. வேறு வழியில்லாமல் செடிக்கட்டைச் சமையல் சாய்ப்புக்குள் கொண்டுபோய், அடுப்புக்கு மேலே உயரமாகப் பரண் கட்டி வைத்தேன். சூடு வெளியே போகாமல் சுற்றிலும் படுதா. மழை விடும்வரை அது அங்கேயே காய்ந்தது. துரைக்குக் கடும் சளி. மூக்கு இரண்டு பக்கமும் அடைத்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு கூடாரத்துக்குள் கிடந்தார். எங்கள் மூவருக்கும் சவரிமுத்து மூன்று வேளையும் கருவாட்டுக் குழம்பு வைத்தார். வேறொன்றும் வாங்கிவர வழியில்லை. சட்டை, போர்வை, தலைமுடி எல்லாம் கருவாடு மணத்தது. பிறகு அதுவும் தெரியாமல் போயிற்று.

மழை விட்டு, குளுவாங்குக்குத் திரும்பி, துரையின் மூக்கு திறந்த அன்று காலையில் இரண்டு கட்டையும் மேஜை மேல் பிரித்தோம். மேட்டுச் செடியை முகர்ந்தார். வைக்கோல் மாதிரி ஒன்றுமில்லாத வாசனை. இந்த வகைச் செடிகளுக்குக் காய்ந்த பிறகு நாற்றம் பெரும்பாலும் போய்விடும். அடுத்து ஆற்றோரச் செடியை முகர்ந்தார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மறுபடி எழுந்து முகர்ந்தார். கனமான, ஆழமான, இதுவரை எந்தச் செடியிலும் இல்லாத ஒரு வாசனை என்றார். காய்ந்தும் போகாத வாசனை. இதைவிடக் காதலுக்கு வேறென்ன வேண்டும்? கண் கலங்கிவிட்டது அவருக்கு.

என்னையும் முகரச் சொன்னார். முகர்ந்தேன். துரைக்குக் காதல் வந்த இடத்தில் எனக்குப் பசி வந்தது. காலையில் சரியாகச் சாப்பிடவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மூக்கு மட்டும் போதாதே, வேறு வித்தியாசம் காட்டு என்று துரை கேட்டார். பூதக்கண்ணாடியை எடுத்தேன். இருந்தது! மேட்டுச் செடியின் இலையடியில் முடி நிமிர்ந்து நின்றது. ஆற்றோரச் செடியில் சீப்பு வைத்து வாரிவிட்டதுபோலப் படிந்து பளபளவென்று இருந்தது. இரண்டு அடையாளம் கிடைத்துவிட்டது. வாசனை ஒன்று, முடி ஒன்று. வேறு இனம்தான் என்று மனதாரச் சொன்னேன். துரை என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்று சாயங்காலமே லாபிஸுக்குச் சொல்லி அனுப்பினேன். கூரை வருகிறது, வந்து பாருங்கள்.

துரை உட்கார்ந்து விவரம் எழுதினார். செடியை ஒட்டிய தாள்களில் நல்லதாக நான்கைந்தை எடுத்துப் பொதியாகக் கட்டினேன். அதைச் சிங்கப்பூர் வழியாகச் சீமைக்கு அனுப்ப ஏற்பாடு. ஜோகூரையும் சிங்கப்பூரையும் சேர்க்கும் கடல் பாலத்தின் மேல் ரயில் ஓடத் தொடங்கிய புதிது அது. பெண் வரும் கப்பலை எதிர்கொள்ளத் துரையும் அதே ரயிலில் போகிறார். எல்லாவற்றிலும் அழகான ஒரு தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கையில் வைத்துக்கொண்டார். கப்பலிலிருந்து இறங்கியதும் கொடுக்க வேண்டுமாம். வெள்ளைக் கோட்டு, சட்டைப் பையில் ஒரு பூ. குளுவாங் ஸ்டேஷனே அவரைப் பார்த்தது.

எங்கள் ஸ்டேஷன் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். சட்டம் தவறாதவர். ரயில் ஒரு நிமிஷம் முந்தி வந்தால்கூட அதையும் தவறு என்றே சொல்லக்கூடியவர். அவருக்கு ஒரு சாம்பல் நிறப் பூனை உண்டு. அவர் போகும் இடமெல்லாம் அதுவும் போகும். பொதியைத் தராசில் வைத்தேன். பூனை எங்கிருந்தோ வந்து பொதியின் மேல் ஏறி உட்கார்ந்தது. நான் இறக்கிவிட்டேன். மறுபடி ஏறிற்று. அதற்குப் பின்னாலேயே சாப்பாட்டுக் கடைப் பூனை வந்தது. குட்டிகளோடு இன்னொன்று வந்தது. அவை பொதியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, ஏதோ கூட்டம் தொடங்கக் காத்திருப்பவர்கள்போலப் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தன.

ஸ்டேஷன் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"தம்பி, இது மீன் பொதி. மீன் பொதியை மெயில் வண்டியிலை ஏத்தேலாது."

இது மீன் இல்லை, செடி என்றேன். துரை முன்னால் வந்து, இது விஞ்ஞானத்துக்குப் புதிய இனம் என்று இங்கிலீஷில் விளக்கினார். ஸ்டேஷன் மாஸ்டர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, மீனுக்கென்று வேறு வண்டி உண்டு, அது நாளைக்குத்தான் வரும் என்றார். துரையின் முகம் சிவந்தது. செடிக்கும் மீனுக்கும் வித்தியாசம் தெரியாத ஆளா ஸ்டேஷன் மாஸ்டர் என்று கேட்டார். அவர் என் பக்கம் திரும்பினார்.

"எனக்குச் செடியைப் பற்றித் தெரியாது, தம்பி. ஆனால் என்ரை பூனைக்குப் பொய் சொல்லத் தெரியாது."

முந்தைய ஸ்டேஷனை விட்டு ரயில் கிளம்பிவிட்டது என்று மணி அடித்தது. துரை பூனையைத் தள்ளினார். பூனை பொதியை விடாமல் நகத்தால் பிடித்துக்கொண்டது. இழுத்த இழுப்பில் பொதி கிழிந்து, மேல் தாள் வெளியே வந்தது. பூனை ஒரு நிமிஷமும் வீணாக்காமல் இலையை நக்க ஆரம்பித்தது. அதுவும் எப்படி? கண்ணை மூடிக்கொண்டு, ரசித்து.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். எனக்கு அந்த இடத்திலேயே பாதி விளங்கிவிட்டது. பசி ஞாபகம் வந்தது. முடி பளபளத்தது ஞாபகம் வந்தது. மீதிப் பாதி எனக்கு விளங்காமல் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று இருந்தது. பூனையை விரட்டி, பொதியைக் கட்டி, ஸ்டேஷன் மாஸ்டரைக் கும்பிட்டாவது ரயிலில் ஏற்றிவிட்டால் செடி அறை வரும், வீடு வரும், பெண் வரும். சீமையில் யார் நக்கிப் பார்க்கப் போகிறார்கள்? அத்தோடு, அந்த ரயிலில் என் வருங்கால மாமனார் வேறு வந்துகொண்டிருந்தார், கூரையைப் பார்க்க. இதெல்லாம் தலைக்குள் ஓடியது. ஆனால் ஒன்று சொல்கிறேன். ஒரு பதில் நமக்கு இவ்வளவு வேண்டியிருக்கிறது என்றால், அந்தப் பதிலைத்தான் இன்னொரு தடவை சோதிக்க வேண்டும். வேண்டாத பதிலை நாம் எப்படியும் சோதிப்போம். நான் குனிந்து, பூனைக்குப் பக்கத்தில், தாளை எடுத்து, இலையின் ஓரத்தை நக்கினேன்.

உப்பு.

ஜோகூர் நடுக்காட்டில் எந்தச் செடியும் இப்படி உப்புக் கரிக்காது. துரையைப் பார்த்தேன். அவர் என்னைப் பைத்தியம் பிடித்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"துரை, கொஞ்சம் நக்கிப் பாருங்க."

கூலி ஆட்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார்கள். துரை என் முகத்தையே பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, கையிலிருந்த கண்ணாடிச் சட்டத்தின் பின் அட்டையைக் கழற்றி, தாளை எடுத்து, கண்ணை மூடி, தன் காதலியின் பெயரைச் சுமந்திருந்த அந்த இலையை நக்கினார். சரியாக அந்த நேரத்தில் ரயில் வந்து நின்றது. முன் பெட்டியிலிருந்து குடையும் பையுமாக லாபிஸ் கிராணியார் இறங்கினார். இறங்கியவர் கண்ட காட்சி இதுதான். மாப்பிள்ளை ஒரு தாளை வாயருகே வைத்துக்கொண்டு நிற்கிறார். ஒரு துரை இன்னொரு தாளை நக்குகிறார். நடுவில் பூனைகள்.

பெட்டி தூக்க வந்திருந்த சவரிமுத்துவைத் துரை கூப்பிட்டார். குரல் தாழ்வாக இருந்தது. அந்த அடுப்பில் என்ன காய வைத்தாய் என்று தமிழிலேயே கேட்டார். சவரிமுத்து கையைக் கட்டிக்கொண்டார்.

"திருக்கைக் கருவாடுங்க. மழையில நனைஞ்சு போச்சு. கீழ நெருப்பு, மேல உங்க இலை, நடுவுல எடம் சும்மாத்தானே கெடந்துச்சு."

துரை நக்கிய தாளை மடித்து என்னிடம் கொடுத்தார். பொதியை அனுப்ப வேண்டாம் என்று கையால் காட்டினார். காலிச் சட்டத்தோடு ரயிலில் ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, வெளியே பார்க்காமல் போய்விட்டார். ஸ்டேஷன் மாஸ்டர் பச்சைக் கொடியைச் சுருட்டிக்கொண்டு பூனையைத் தடவிக் கொடுத்தார். கிராணியார் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். கூரை எங்கே என்று கேட்கவில்லை. எதிரே வரும் ரயில் எப்போது என்று மட்டும் ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேட்டுக்கொண்டு, பெஞ்சில் போய் உட்கார்ந்தார். போச்சு என்று நினைத்தேன். செடியும் போயிற்று, வீடும் போயிற்று, பெண்ணும் போயிற்று. அன்று நான் உண்மையிலேயே அழுதேன். கண்ணைத் துடைத்தபோது கையெல்லாம் கருவாடு.

அலுவலகத்துக்குத் திரும்பிய பிறகும் ஒரு சந்தேகம் விடவில்லை. வாசனை கருவாட்டுடையது, சரி. முடி? அது உண்மையான வித்தியாசமாக இருந்தால்? துரை வருவதற்குள் தெரிந்துகொள்ள நினைத்தேன். மேட்டுச் செடியில் மிச்சமிருந்த தாள்களை எடுத்துக்கொண்டு சவரிமுத்துவிடம் போனேன். கீழே நெருப்பு, நடுவே திருக்கை, மேலே இலை. அவர் பழையபடியே செய்து கொடுத்தார். எடுத்துப் பார்த்தால், நிமிர்ந்து நின்ற முடியெல்லாம் மீன் நெய்யில் படிந்து பளபளக்கிறது. வாசனையும் அதே வாசனை. எங்கள் சமையலறையில் அந்தப் புது இனம் இரண்டாம் முறையாகப் பிறந்திருந்தது. மேட்டுச் செடி, ஆற்றோரச் செடி இரண்டும் ஒன்றேதான் என்பதில் இனிச் சந்தேகமில்லை. சவரிமுத்துவுக்கு இதில் ஒரே பெருமை.

"வேணும்னா நெத்திலியில ஒண்ணு, கணவாயில ஒண்ணு பண்ணித் தரேன், தம்பி. தொரை வந்ததும் குடுங்க."

நான் வேண்டாம் என்று சொல்லித் தடுப்பதற்குள் கணவாய் அடுப்பேறிவிட்டது.

துரை கல்யாணத்தை முடித்துக்கொண்டு திரும்பி வந்தபோது துரைசானியும் வந்தார். சின்ன உருவம், சிரித்த முகம். கப்பலில் வரும்போதே, காய்ந்தும் வாடாத மணமுள்ள செடிக்கு உன் பெயர் என்று துரை அவருக்குத் தந்தி கொடுத்திருந்தாராம். பெயர் வைக்கவில்லை என்று துரை சொல்லிவிட்டாலும், செடியையாவது பார்க்க வேண்டும் என்று அவர் பிடிவாதம். காஹாங்குக்கு அழைத்துப் போனோம். ஆற்றோரத்தில் செடியைக் காட்டினேன். எப்படி முகர வேண்டும் என்று அவர் கேட்டார். துரை தொண்டையைக் கனைத்தார், என்னைப் பார்த்தார், பாக் மாட்டைப் பார்த்தார். யாரும் உதவிக்கு வரவில்லை. துரைசானி தானே ஒரு பச்சை இலையைப் பறித்து, நன்றாகக் கசக்கி, இரண்டு கையாலும் மூக்கில் வைத்து ஆழமாக முகர்ந்தார்.

"அலமாக்," என்றார் பாக் மாட் மெதுவாக, ஐயையோ என்பதுபோல.

துரைசானி கையைக் கீழே இறக்க ரொம்ப நேரம் ஆயிற்று. இதற்கா என் பெயர் என்று கணவரைக் கேட்டார். துரை ஆற்றைப் பார்த்தார். பெயர் வைக்காமல் தடுத்தது யார் என்று அடுத்துக் கேட்டார். துரை என்னைக் காட்டினார். உண்மையில் அது பூனை என்றேன். முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. நடுவில் அவர் ஒரு வேரின் மேல் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். துரை நக்கிய இடம் வந்தபோது இன்னொரு முறை சொல்லச் சொன்னார். துரைக்கும் கடைசியில் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல காரியம் செய்திருக்கிறாய், உனக்கு என்ன வேண்டும் என்று துரைசானி என்னைக் கேட்டார்.

"ஒரு சுவர் வேணுங்க," என்றேன். "செடிக்கும் சமையலுக்கும் நடுவுல."

அப்படித்தான் இந்த அறை வந்தது. புது இனம் கண்டுபிடித்ததற்காக இல்லை. செடியைச் சமையலறையில் உலர்த்தினால் என்ன ஆகும் என்று துரை மேலிடத்துக்கு விளக்கி எழுதினார், கணவாய்த் தாளையும் அத்தாட்சியாகப் பெட்டியில் இணைத்து. பெட்டியைத் திறந்தவர்கள் உடனே அனுமதி கொடுத்துவிட்டார்களாம். நீங்கள் சைக்கிளைச் சாய்த்து வைக்கிறீர்களே, அந்தத் தடிச் சுவர் அதுதான். எதற்கு இவ்வளவு கனம் என்று போன மாதம் கேட்டீர்கள். துரைசானிதான் கட்டும்போது பக்கத்திலேயே நின்று, இன்னொரு வரிசை செங்கல் வைக்கச் சொன்னார்.

வீடும் வந்தது. இனி இழப்பதற்கு ஒன்றுமில்லை என்று, ஒரு நல்ல வேஷ்டியைக் கட்டிக்கொண்டு லாபிஸுக்கு ரயில் ஏறினேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்தேன். அன்று நீங்கள் பார்த்தது அப்படி இல்லை, அது ஒரு சோதனை, எனக்குப் பைத்தியம் இல்லை, இப்போது எனக்குக் கூரை இருக்கிறது. கிராணியார் வீட்டில் நுழைந்தால் பந்தல்கால் நட்டிருந்தது. வேறு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள் என்று வந்த வழியே திரும்பப் பார்த்தேன். அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். நான் மனப்பாடம் செய்ததைத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"நானும் எத்தினியோ தொரைங்ககிட்ட வேல பாத்துட்டேன், மாப்ள. அவங்க சொல்லுவாங்க, நாம செய்வோம். அன்னிக்கு டேசன்ல நீங்க நக்குங்கன்னு சொன்னீங்க. அவரு நக்கினாரு. கூரையாவது ஒண்ணாவது. அன்னிக்கே வந்து பொண்ணுக்குப் பொடவை எடுத்துட்டோம்."

வீட்டைப் பற்றிச் சொல்ல எனக்கு இடமே கிடைக்கவில்லை. அந்தப் பந்தல்கால் எனக்காகத்தான் நட்டிருந்தார்கள். தரகர்தான் சொல்ல மறந்துபோயிருந்தார். கல்யாணத்தன்று என் மனைவி என்னிடம் பேசிய முதல் வார்த்தை, இனிமே வெளியில எதையும் வாயில வெக்காதீங்க என்பது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவளுக்கு நான் முழுதாகக் கட்டுப்படவில்லை.

ஆனால் நீங்கள் இதைக் கேட்டுவிட்டு எல்லா இலையையும் நக்கக் கிளம்பாதீர்கள். இந்த அறையில் இருக்கும் பழைய தாள்களுக்குப் பூச்சி அரிக்காமல் இருக்க விஷம் பூசியிருக்கிறோம். அன்று எங்கள் பொதிக்குப் பூச மருந்து தீர்ந்துபோயிருந்தது. அதனால்தான் துரையும் நானும் அந்தப் பூனையும் பிழைத்தோம். பால் பட்டாலே தோல் வெந்து கொப்பளிக்கும் ரெங்காஸ் மரத்து இலையை நக்கிப் பார்த்த ஒருவரையும் எனக்குத் தெரியும். அது எப்படி இருந்தது என்று இன்றுவரை அவர் சொன்னதில்லை. அன்றைக்குச் சொல்ல முடியவில்லை, பிறகு சொல்லப் பிடிக்கவில்லை.

மற்றபடி, இரண்டு செடி வேறு வேறு என்று உங்களுக்குத் தோன்றும்போது, அப்படி இருந்தால் யாருக்கு நல்லது என்று முதலில் கேளுங்கள். உங்களுக்குத்தான் நல்லது என்றால், பூதக்கண்ணாடியை இன்னொரு தடவை துடையுங்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வித்தை. நேற்று உங்களில் ஒருவர் கொண்டுவந்த கட்டில் ஏலக்காய் மணம் வருகிறது, நிச்சயம் புது இனம் என்று வெளியே பேச்சு அடிபடுகிறது. சந்தோஷம். கட்டை இங்கே கொண்டுவந்து மேஜை மேல் வையுங்கள். வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அங்க என்ன சமைச்சீங்க?